புயல் நாளில் வண்டியை எங்கே நிறுத்துவது? தெற்கு ரயில்வேக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தெற்கு ரயில்வே பொது மேலாளர் அவர்களுக்கும், மதுரை, திருச்சிராப்பள்ளிக் கோட்டங்களின் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

அக்டோபரில் தொடங்கி டிசம்பர் முடிய நீளும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், வங்கக் கடலில் உருவாகும் ஒரு புயலோ, புயலாக வலுக்காத ஒரு தாழ்வு மண்டலமோ நம் கரையைத் தொடாமல் போகும் ஆண்டு அரிது. இராமேசுவரம், திருச்செந்தூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால், அகஸ்தியம்பள்ளி என்று கடலை நோக்கிச் செல்லும் நம் தடங்கள் அந்த மூன்று மாதங்களையும் எதிர்கொண்டே இயங்க வேண்டியிருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை ஒற்றைத் தடங்கள். ஓரிடத்தில் அறுந்துவிட்டால் அதற்கு அப்பாலுள்ள எல்லா ஊர்களும் ரயில் தொடர்பை இழந்துவிடும். வண்டியைச் சுற்றுப்பாதையில் திருப்பிவிடவும் வழியில்லை.

இந்த மடலில் நான் முன்வைப்பது ஒரே ஒரு கோரிக்கைதான். புயல் எச்சரிக்கை வந்த நாளில் எந்த வண்டி எந்த நிலையத்தில் நிறுத்தப்படும், அந்த முடிவை யார் எடுப்பார், நிறுத்தப்பட்ட வண்டியில் இருக்கும் மக்களுக்கு அந்த நிலையத்தில் என்னென்ன கிடைக்கும் என்பதைத் தடம்வாரியாக முன்கூட்டியே எழுதி, பயணிகள் அனைவரும் அறியும்படி வெளியிட வேண்டும். கட்டுப்பாட்டு அறைகளுக்கும் ஊழியர்களுக்கும் உள்சுற்றறிக்கைகளும் பேரிடர் மேலாண்மைத் திட்டங்களும் இருப்பதை அறிவேன். ஆனால் வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கும், அவரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் குடும்பத்துக்கும் அவை எட்டுவதில்லை. அவர்களுக்கும் தெரியக்கூடிய ஒரு திட்டத்தைத்தான் கேட்கிறேன்.

இந்தக் கோரிக்கையின் வேர் 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவில் இருக்கிறது. அன்று நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் வண்டி, தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கிய நிலையில் கடல் அலையால் அடித்துச் செல்லப்பட்டது. ஆறு பெட்டிகளில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளும் ரயில்வே ஊழியர்களும் மாண்டார்கள். சிக்னல் கிடைக்காமல் நின்ற வண்டி, பிறகு ஓட்டுநரின் துணிவில் முன்னேறியது என்று சொல்லப்படுகிறது. அந்தக் கணத்தில் நடந்ததைச் சொல்ல வண்டியில் எவரும் மிஞ்சவில்லை. தந்தியும் தொலைபேசியும் அறுந்து கிடந்ததால், ஒரு வண்டியே காணாமற்போன செய்தி தலைமையகத்தை எட்டவே இரண்டு நாட்கள் ஆயின. அந்த ஓட்டுநரையோ அன்று பணியில் இருந்த மற்றவர்களையோ குறை கூறுவது என் நோக்கமன்று. நள்ளிரவில், கொட்டும் மழையில், முன்னாலும் பின்னாலும் எதுவும் தெரியாத மணல் திட்டின் மேல், நிற்பதா போவதா என்ற கேள்வியைத் தனியொரு மனிதரின் தலையில் சுமத்தியிருந்த ஏற்பாட்டைத்தான் இன்றும் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அந்த வண்டி பாம்பனிலேயே நின்றிருக்க வேண்டியது. அதை அங்கே நிறுத்தும் விதி அன்று இருந்திருந்தால், ஓட்டுநர் அந்த முடிவை எடுக்கும் நிலைக்கே தள்ளப்பட்டிருக்க மாட்டார்.

அதே புயலில் பாம்பன் பாலத்தில் தூண்களுக்கு இடைப்பட்ட 145 கண்களில் 120க்கும் மேற்பட்டவற்றின் கர்டர்கள், அதாவது தடத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்கள், கடலில் விழுந்தன. கப்பல்களுக்கு வழிவிடத் திறக்கும் ஷெர்சர் தூக்குப்பகுதி மட்டும் அசையாமல் நின்றது. சீரமைப்புக்கு ஆறு மாதம் ஆகும் என்று மதிப்பிட்ட பணியை, அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாட்களில் முடித்தார்கள். கடலடியில் கிடந்த கர்டர்களைத் தேடிக் கண்டுபிடிக்க உதவியவர்கள் இந்தக் கரையின் மீனவர்கள். இந்திய ரயில்வே பெருமைப்படத்தக்க சாதனை அது. அந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனாலும் 46 நாட்களில் பாலம் எழுந்த கதை நம் நினைவில் நிலைத்த அளவுக்கு, அந்த வண்டி ஏன் பாம்பனில் நிறுத்தப்படவில்லை என்ற கேள்வி நிலைக்கவில்லை. சீரமைக்கும் திறமை நமக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நிறுத்தும் ஒழுங்கைத்தான் இன்னும் முழுமையாக வளர்த்துக்கொள்ளவில்லை.

அந்த ஒழுங்கு நமக்குப் புதியதும் இல்லை. பாம்பன் பழைய பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி பொருத்தப்பட்டு, மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறும் ஏற்பாடு இருந்தது. காற்று அந்த அளவைத் தாண்டினால் வண்டி நிற்கும். யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. யாருடைய துணிவும் சோதிக்கப்படுவதில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் வண்டிகள் ஓடுகின்றன. சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளமும், நேர்செங்குத்தாக உயரும் தூக்குப்பகுதியும் கொண்ட அந்தப் பாலத்துக்குக் காட்டும் கவனத்தில் ஒரு பங்கையேனும், காற்றைவிட வெள்ளத்தால் அதிகம் பாதிக்கப்படும் மற்றத் தடங்களுக்கும் காட்ட வேண்டும் என்று கேட்கிறேன். காற்றுக்கு ஒரு எண் வைத்திருக்கிறோம். நீருக்கு அப்படி எல்லோரும் அறிந்த எண் எதுவும் இல்லை.

நீருக்கு எண் இல்லாததன் விளைவை 2023 டிசம்பரில் திருநெல்வேலி–திருச்செந்தூர்த் தடத்தில் பார்த்தோம். டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிகமான மழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி, சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தை அடைந்தபோது, முன்னாலுள்ள தடத்தின் அடியிலிருந்த மண்ணும் ஜல்லியும் அரிக்கப்பட்டிருக்கின்றன என்ற தகவல் வந்து, வண்டி அங்கேயே நிறுத்தப்பட்டது. அந்த நிலைய அதிகாரியும் அந்தத் தகவலை உரிய நேரத்தில் சேர்த்த ஊழியர்களும் எடுத்த முடிவால் 800 உயிர்கள் காப்பாற்றப்பட்டன. வண்டி மேலும் சில கிலோமீட்டர் சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவும் அஞ்சுகிறேன். அவர்களுக்கு இந்த மடலின் வழியாகவும் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆனால் வண்டி நின்ற பிறகு நடந்ததுதான் இந்த மடலை எழுதத் தூண்டியது. நிலையத்தைச் சுற்றி நாலாபுறமும் வெள்ளம் சூழ்ந்தது. ஏறத்தாழ 300 பேர் அருகிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட, எஞ்சிய 500 பேர் நிலையத்திலும் பெட்டிகளிலும் தங்கினார்கள். மின்சாரம் இல்லை, செல்பேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன, கைக்குழந்தைகளுக்குப் பால் இல்லை. அக்கம்பக்கத்து ஊர் மக்கள், தங்கள் வீடுகளிலும் வெள்ளம் புகுந்திருந்த நிலையில், இருந்ததைக் கொண்டு சமைத்துக் கொடுத்தார்கள். பிறகு விமானப்படை ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலங்களைப் போட்டது; ஒரு கர்ப்பிணி வான்வழியாக மீட்கப்பட்டார்; 19ஆம் தேதி தேசியப் பேரிடர் மீட்புப் படையினரின் துணையோடு பயணிகள் வெளியே கொண்டுவரப்பட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள்.

உயிர் பிழைத்தார்களே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. உயிர் பிழைத்ததே பெரிது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. இருந்தாலும், தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு அமைந்த ஊரின் நிலையத்தில், ஆறு பெருக்கெடுக்கும் ஒரு நாளில், 800 பேர் இறங்கி நிற்க நேர்ந்தது தற்செயலாக அமைந்தது. வண்டி அந்த நேரத்தில் அங்கே இருந்தது, ஆகவே அங்கே நின்றது. இரண்டு மணி நேரம் முன்னதாகவே முடிவெடுத்திருந்தால் அந்த வண்டி திருச்செந்தூரிலேயே நின்றிருக்கலாம். ஆயிரக்கணக்கான பக்தர்கள் நாள்தோறும் தங்கிச் செல்லும் ஊர் அது; விடுதிகளும் மண்டபங்களும் உணவகங்களும் மருத்துவமனையும் உள்ள ஊர். மழை அங்கும்தான் கொட்டியது. எனினும் 800 பேரை இரண்டு நாள் வைத்துப் பராமரிக்க ஒரு சிறு நிலையத்தைவிட ஒரு கோயில் நகரத்தால் இயலும். எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை எழுதி வைத்திருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

அந்த மழையில் தடத்துக்கு நேர்ந்ததையும் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே, தாதன்குளம் பகுதியில், குளங்கள் உடைந்து வந்த நீர் தடத்தின் ஒரு பக்கத்தில் தேங்கி, மேலேறி, குறுக்கே பாய்ந்தது. அப்படிப் பாயும் நீர் முதலில் ஜல்லியை உருட்டிச் செல்லும். பிறகு அதன் கீழுள்ள கரைமண்ணைக் கரைக்கும். ஒரு கிலோமீட்டருக்கு 1,660 என்ற கணக்கில் தண்டவாளங்களுக்குக் குறுக்கே, அவற்றைத் தாங்கப் பதிக்கப்படும் கான்கிரீட் ஸ்லீப்பர்கள் ஒவ்வொன்றும் கால் டன்னுக்கு மேல் எடை கொண்டவை. அவ்வளவு எடையும், அடியில் பிடிமானம் இன்றி, இரண்டு தண்டவாளங்களைப் பற்றிக்கொண்டு, படுக்கவைத்த ஏணியைப் போல அந்தரத்தில் தொங்கின. அந்தப் படங்களைப் பத்திரிகைகளில் பலரும் பார்த்திருப்பார்கள். பகலில் பார்க்கும்போதே உடல் நடுங்கும் அந்தக் காட்சி, இரவில் எஞ்சின் விளக்கின் வெளிச்சத்தில் ஓட்டுநருக்குப் புலப்பட்டிருக்காது. ஏனென்றால் தண்டவாளம் வரிசை தப்பாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. கீழே இருந்த நிலம்தான் போய்விட்டது. தண்டவாளம் அறுந்தால், அதன் வழியே மின்னோட்டம் செலுத்திக் கண்காணிக்கும் தடச்சுற்று அதைக் காட்டிக்கொடுக்கும். மண் மட்டும் போனால், தொங்கும் தண்டவாளத்தின் வழியே மின்னோட்டம் தடையின்றிச் சென்றுகொண்டிருக்கும். சிக்னல் பச்சையாகவே இருக்கக்கூடும். ஆகவே வெள்ள நாளில் சிக்னலை மட்டும் நம்ப முடியாது. மழையில் நனைந்தபடி டார்ச்சும், வரும் வண்டியை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கும் வெடியுமாகத் தடத்தின் மேல் நடந்து செல்லும் டிராக்மேனையும், அவர் கையிலிருக்கும் தொலைத்தொடர்புக் கருவியையும், அவர் சொல்லும் சொல்லுக்கு நிலைய அதிகாரி கொடுக்கும் மதிப்பையும்தான் நாம் நம்பியிருக்கிறோம்.

அந்தத் தடத்தில் ரயில் போக்குவரத்து முழுமையாகத் தொடங்க 2024 ஜனவரி முதல் வாரம் ஆயிற்று. மார்கழி மாதத்தின் பெரும்பகுதியை ரயில் இல்லாமலேயே திருச்செந்தூர் கடந்தது. சீரமைப்பில் இரவு பகலாக உழைத்தவர்களைப் பாராட்டுகிறேன். அதே சமயம், ஜல்லியைக் கொட்டி, கரையை நிரப்பி, தண்டவாளத்தைப் பழைய மட்டத்துக்கே கொண்டுவந்து நிறுத்துவதோடு பணி முடிந்ததா, அல்லது நீர் குறுக்கே பாய்ந்த இடங்களில் அதற்கு வழிவிடும் பாலக் கண்கள் அகலப்படுத்தப்பட்டனவா என்பதைப் பொதுமக்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சிறு பாலங்களும் மதகுகளும் பொதுவாக ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தைக் கணக்கிட்டு வடிவமைக்கப்படுகின்றன. நூறாண்டுப் பழமை கொண்ட தடங்களில் உள்ள பல கண்களுக்கு, அவை கட்டப்பட்ட காலத்துக் குளங்களும் கால்வாய்களும் வயல்களும்தான் கணக்கு. இன்று குளம் தூர்ந்திருக்கிறது, கால்வாய் சுருங்கியிருக்கிறது, வயல் மனைகளாகியிருக்கிறது. அன்று பரவிச் சென்ற நீர் இன்று ஒரே இடத்தில் வந்து முட்டுகிறது. ரயில் கரை ஓர் அணையாக மாறிவிடுகிறது. அது உடைந்தால் தடம் போகும். உடையாமல் நின்றாலோ மேற்புறத்து ஊர் மூழ்கும். நீர்வளத் துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் உங்கள் பொறியாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, தடத்தின் இருபுறமுள்ள குளங்களையும் சேர்த்துக் கணக்குப் போடாமல் இந்தச் சிக்கல் தீராது.

இப்போது, மழைக்காலத்தை எப்படி ஓட்டுவது என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு வெளிநாட்டை நோக்க வேண்டியதில்லை. மேற்குக் கரையில் கொங்கண் ரயில்வே ஒரு வழியைக் காட்டிவிட்டது. 2003 ஜூனில் வைபவ்வாடி அருகே பாறை விழுந்து வண்டி தடம்புரண்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே கரஞ்சாடி அருகே மற்றொரு விபத்து. அங்கே இன்று தென்மேற்குப் பருவமழைக் காலத்துக்கென்று தனிக் கால அட்டவணை இருக்கிறது. அந்த மாதங்களில் வண்டிகள் குறைந்த வேகத்தில் ஓடுகின்றன. பயண நேரம் கூடுகிறது. பயணிகள் அதை முன்பதிவு செய்யும்போதே அறிந்துகொள்கிறார்கள். முக்கியமான பாலங்களில் காற்று அளவிகளும் நீர்மட்டம் காட்டும் கருவிகளும், ஆங்காங்கே மழைமானிகளும் இருக்கின்றன. குறிப்பிட்ட அளவைத் தாண்டி மழை பெய்தால் வேகம் குறையும். பார்வை மறைந்தால் மேலும் குறையும். மழையால் வரும் தாமதம் அங்கே யாருடைய தவறாகவும் கருதப்படுவதில்லை. அட்டவணையே அதற்கு இடம் கொடுத்துவிடுகிறது.

நம் கிழக்குக் கரைக்கு ஏன் ஒரு வடகிழக்குப் பருவமழை அட்டவணை இருக்கக் கூடாது? அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் இறுதி வரை, கடலோரத் தடங்களில் இரவு நேர வண்டிகளின் புறப்பாட்டைச் சற்று முன்னதாக வைத்து, வேகத்தைக் குறைத்து, தடத்தைப் பரிசோதிக்கத் தேவையான இடைவெளியை அட்டவணைக்குள்ளேயே ஒதுக்குவது பெரிய காரியமில்லை. இராமேசுவரத்துக்கும் திருச்செந்தூருக்கும் செல்லும் பக்தர்கள் ஒரு மணி நேரம் தாமதமானால் பொறுத்துக்கொள்வார்கள். காரணம் சொல்லாத தாமதத்தைத்தான் யாராலும் பொறுக்க முடிவதில்லை.

எச்சரிக்கையைப் பொறுத்தவரை, புயல் உருவாகும் செய்தி இன்று பல நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை கரை கடப்பதற்கு 48 மணி நேரத்துக்கு முன்னும், பிறகு 24 மணி நேரத்துக்கு முன்னும், இறுதியாக 12 மணி நேரத்துக்கு முன்னும் படிப்படியாக அறிவிப்புகளை வெளியிடுகிறது. பாம்பன், நாகப்பட்டினம், கடலூர், தூத்துக்குடி துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணிட்ட புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுகிறது. மூன்றாம் எண் கூண்டு ஏறினால் என்ன செய்ய வேண்டும், பத்தாம் எண் ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்பது எழுதப் படிக்கத் தெரியாத மீனவருக்கும் தெரியும்; வலையைச் சுருட்டி, படகை மேட்டில் ஏற்றிவிடுவார். அந்தக் கூண்டு கூப்பிடு தூரத்தில் தொங்கும்போது, அதே ஊரின் ரயில் நிலையத்தில் நிற்கும் பயணிக்கு மட்டும் எதுவும் தெரிவதில்லை. கடலோர நிலையங்களிலும் அதைப்போல ஓர் அடையாளம் வேண்டும்: இன்று இந்தத் தடம் எந்த நிலையில் இருக்கிறது, கடைசி வண்டி எத்தனை மணிக்கு, அதன் பிறகு எதுவும் புறப்படாது என்பதை அறிவிப்புப் பலகையிலும், ஒலிபெருக்கியிலும், முன்பதிவு செய்தவர்களின் செல்பேசியிலும் ஒரே சொற்களில், தமிழில் சொல்லும் அடையாளம்.

முன்கூட்டியே நிறுத்துவது மட்டுமின்றி, முன்கூட்டியே வெளியேற்றவும் ரயிலால் முடியும். 2019 மே மாதம் ஃபானி புயல் ஒடிசாவைத் தாக்குவதற்கு முன்பு, நூற்றுக்கணக்கான வண்டிகளை ரத்து செய்த அதே வேளையில், பூரியிலிருந்த யாத்ரீகர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் வெளியே கொண்டுவரச் சிறப்பு வண்டிகள் இயக்கப்பட்டன. மறுநாள் பூரி நிலையத்தின் கூரை காற்றில் சிதைந்தபோது அங்கே கூட்டம் இல்லை. இராமேசுவரமும் பூரியைப் போலவே கடலோரத்தில் அமைந்த யாத்திரைத் தலம். கூடவே அது ஒரு தீவு. சாலைப் பாலமும் ரயில் பாலமும் ஒரே நாளில் மூடப்பட்டால் வெளியேற வழியில்லை. புயல் எச்சரிக்கை இருக்கும் நாட்களில் தீவிலிருந்து புறப்படும் வண்டிகளைக் கூட்டுவதும், தீவுக்குள் வரும் வண்டிகளை இராமநாதபுரத்திலேயே நிறுத்துவதும் திட்டத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும். பாலத்தின் நிலப்பக்க முனையிலுள்ள மண்டபம் நிலையத்தைவிட இராமநாதபுரத்தை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அது மாவட்டத் தலைநகரம். தலைமை மருத்துவமனையும் பேருந்து நிலையமும் தங்கும் இடங்களும் அங்கே இருக்கின்றன. மண்டபமோ இருபுறமும் கடல் நெருங்கும் நிலத்துண்டு.

அடைக்கல நிலையம் என்று ஒன்றை ஒவ்வொரு தடத்திலும் அடையாளம் காணுங்கள். வெள்ளம் ஏறாத மட்டத்தில் இருக்க வேண்டும். நீண்ட வண்டி முழுவதும் நிற்கும் நடைமேடை வேண்டும். சாலை வழியாக எளிதில் அடையக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு வண்டி மக்களுக்கு இரண்டு நாளைக்கான குடிநீர், ஜெனரேட்டருக்கான டீசல், பால் மாவு, முதலுதவி மருந்துகள் ஆகியவை அக்டோபர் முதல் நாளே அங்கே இருப்பில் இருக்க வேண்டும். அருகிலுள்ள பள்ளியோடும் கல்யாண மண்டபத்தோடும் மாவட்ட நிர்வாகத்தின் வழியாக முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். 2023இல் அந்த ஊர் மக்கள் தாமாக முன்வந்து செய்ததை என்றும் மறக்க முடியாது. ஆனால் மக்களின் நல்ல மனத்தை நம்பி ஒரு ரயில்வே தன் திட்டத்தை எழுத முடியாது.

நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்பது எல்லாவற்றையும்விட முக்கியமானது. இலங்கையின் தென்மேற்குக் கரையோரத் தடத்தில், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்துகொண்டிருந்த செய்தி அறிந்த அதிகாரிகளால் மற்ற சில வண்டிகளை நிறுத்த முடிந்தது. ஆனால் மாத்தறை நோக்கிச் சென்ற வண்டியை நிறுத்த அம்பலாங்கொடை நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தபோது, ஊழியர்கள் அனைவரும் அந்த வண்டியைக் கவனிக்கச் சென்றிருந்ததால் எடுக்க ஆளில்லை. வண்டி புறப்பட்டுச் சென்று பெரலியவில் அலையில் சிக்கியது. சுமார் 1,700 பேர் இறந்தார்கள். உலக ரயில் வரலாற்றிலேயே மிகப் பெரிய உயிரிழப்பு அது. எடுக்கப்படாத ஒரு தொலைபேசி அழைப்பு அதில் இருக்கிறது. நம் சிறு நிலையங்களிலும் இரவில் ஒருவரோ இருவரோதான் பணியில் இருக்கிறார்கள். எச்சரிக்கை நாட்களில் கூடுதலாக ஓர் ஊழியரையாவது, தகவல் தொடர்புக்கென்றே, ஒவ்வொரு கடலோர நிலையத்திலும் அமர்த்துங்கள். செல்பேசிக் கோபுரங்கள் சாய்ந்த பிறகும் வேலை செய்யும் கருவியை அவர் கையில் கொடுங்கள். ஐயம் எழுந்தால் மேலிடத்தின் ஒப்புதலுக்குக் காத்திராமல் வண்டியை நிறுத்தலாம், அப்படி நிறுத்தியதற்காக, பின்னர் அது தேவையில்லாத நிறுத்தம் என்று தெரியவந்தாலும், எவ்வித விளக்கமும் கேட்கப்படாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். நேரம் தவறாமையைக் கொண்டு ஊழியர்களை மதிப்பிடும் கணக்கிலிருந்து அந்த நாட்களை நீக்குங்கள்.

இறுதியாகப் புதிய தடங்களைப் பற்றி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, அகல ரயில் பாதைப் பணி காரணமாகத் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளித் தடத்தில் வண்டிகள் ஓடவில்லை. 2023 ஏப்ரலில் 37 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடம் மீண்டும் திறக்கப்பட்டது. கஜா கடந்து சென்ற அதே நிலத்தில், உப்பளங்களையும் சதுப்பையும் ஒட்டி இன்று வண்டி ஓடுகிறது. வேதாரண்யத்து மக்களுக்கு ரயில் திரும்பக் கிடைத்ததில் மகிழ்ச்சியே. எனினும் அடுத்த கஜாவை அந்தத் தடம் எதிர்கொள்ளும் நாளில், கடைசி வண்டி திருத்துறைப்பூண்டியைத் தாண்டக் கூடாத நேரம் எது என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மீண்டும் தடம் அமைக்க 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டு, அந்தப் பணி இதுவரை நிறைவேறவில்லை. அந்தத் திட்டம் என்றேனும் உயிர்பெற்றால், பாதை எத்தனை அடி உயரத்தில் போகும் என்பதற்கு முன்னால், காற்று எழும் நாளில் வண்டி எங்கே நிற்கும் என்பதற்கு விடை வேண்டும். 1964இல் வண்டி போன இடம் அது.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டாலிஷ் என்னும் ஊரில், கடலை ஒட்டிச் செல்லும் தடத்தின் தாங்குசுவர் 2014 பிப்ரவரிப் புயலில் இடிந்து, இரண்டு மாதங்கள் ரயில் நின்றது. பழைய இடத்தில் சுவரை எழுப்பியதோடு நிறுத்தாமல், வருங்காலக் கடல்மட்டத்தைக் கணக்கில் கொண்டு உயரமான புதிய சுவரைப் பகுதி பகுதியாகக் கட்டினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் திட்ட வரைபடங்களை மக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்டார்கள். அந்த வெளிப்படைத்தன்மையை நம் மக்களும் பெறத் தகுதியானவர்கள்.

வரும் பருவமழைக்கு முன்பு, ஒவ்வொரு கடலோரத் தடத்துக்கும் இரண்டு பக்கத்துக்கு மேற்படாத ஓர் அறிவிப்பைத் தமிழில் வெளியிட்டு, நிலையங்களில் ஒட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். எத்தனை சென்டிமீட்டர் மழையில் வேகம் குறையும், எந்த நீர்மட்டத்தில் வண்டி நிற்கும், எந்த நிலையம் அடைக்கல நிலையம், எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்ற நான்கு செய்திகள் அதில் இருந்தால் போதும். முதலாவதாகத் திருநெல்வேலி–திருச்செந்தூர்த் தடத்துக்கு அதை வெளியிடுங்கள். அங்கே எழுத வேண்டிய பாடங்கள் உங்கள் ஊழியர்களிடமே இருக்கின்றன. ஸ்ரீவைகுண்டத்தில் அன்றிரவு பணியில் இருந்தவர்களையும், தடத்தில் நடந்து சென்று பார்த்த டிராக்மேன்களையும், பயணிகளுக்குச் சமைத்துப் போட்ட ஊர்ப் பெரியவர்களையும் அழைத்து உட்காரவைத்துக் கேட்டு, அந்த அறிவிப்பை எழுதுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
கடலோரத் தடங்களில் பயணிக்கும் ஒரு குடிமகன்